காரியம் நடக்காத சாவுகள்

2023 செப்டம்பர் 8 அன்று காலை, சென்னையில் ‘எதிர்நீச்சல்’ தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்த நடிகர் மாரிமுத்து மாரடைப்பால் இறந்தார். தேனிப் பக்கத்து மனிதர். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என இரண்டு படங்களை இயக்கியவர், இன்னும் பல படங்களில் நடித்தவர். ஆனால் பல வீடுகளுக்குள் அந்தச் செய்தி வேறு பெயரில்தான் நுழைந்தது: “குணசேகரன் போய்ட்டாராம்.” வீட்டுப் பெண்களை வாசல் தாண்டவிடாமல் அடக்கிவைத்த ஆதி குணசேகரன், ‘இந்தாம்மா ஏய்’ என்ற அதட்டலால் நாடறிந்தவர். இரவு ஒன்பதரைக்கு அவரை வாயார வைதவர்களே அன்று கண்கலங்கினார்கள். சில வாரங்கள் கழித்து எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அதே பெயரில் அதே வீட்டுக்குள் வந்தார். மாரிமுத்து இறந்துவிட்டார், குணசேகரன் இருக்கிறார். அப்படியானால் அழுதது யாருக்காக?

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது ஆண்டுக்கால ஆராய்ச்சி இருக்கிறது. இல்லாத ஒருவருக்காக வரும் துக்கம் உண்மைத் துக்கமா? ஒரு பாத்திரத்தை எப்படியெல்லாம் அனுப்பிவைக்கிறார்கள்? அவற்றில் எது பார்ப்பவர் மனதை ஆற்றுகிறது, எது உறுத்தலாகவே நின்றுவிடுகிறது? உலகெங்கும் நடந்த சில பிரிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பாத்திரம் செத்ததா பிழைத்ததா என்பது இரண்டாம் பட்சம். அதற்குக் காரியம் நடந்ததா என்பதே முதல் கேள்வி.

கைக்கிளை

1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், உளமருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொலைக்காட்சியில் நம் முகம் பார்த்துப் பேசும் மனிதரோடு நாம் கொள்ளும் பழக்கத்துக்கு ‘பாராசோஷியல்’ என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் அது உறவின் சாயலோடுதான் இருக்கிறது என்றார்கள். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. ஒருபக்கமாக மட்டும் ஓடும் அன்பைக் கைக்கிளை என்று தொல்காப்பியம் தனித் திணையாகவே வகுத்துவைத்திருக்கிறது.

இந்தியாவில் இந்த உறவின் ஆழத்தை முதலில் காட்டியது ‘ஹம் லோக்’. 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை தூர்தர்ஷனில் 156 பகுதிகளாக வந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். அந்தத் தொடருக்கு வந்த கடிதங்கள் சுமார் 4 லட்சம். ஆய்வாளர்கள் எவரெட் ரோஜர்ஸும் அரவிந்த் சிங்காலும் அவற்றிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். அக்கடிதங்களை எழுதியவர்கள் பாத்திரங்களைக் கற்பனை என்று தள்ளிவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கு யோசனை சொல்வதுபோல எழுதியிருந்தார்கள்.

உறவு உண்டென்றால் முறிவும் உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர் ஜோனதன் கோஹென் 2004-இல் 381 பேரிடம், உங்களுக்குப் பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரம் இனி வராது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நிஜ வாழ்க்கையில் ‘விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ’ என்ற பதற்றத்தோடு உறவாடுபவர்களே இங்கும் அதிகம் கலங்குவோம் என்றார்கள். அதே ஆண்டு மே 6 அன்று ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடர் முடிந்தபோது அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தேகால் கோடிப் பேர் பார்த்தார்கள். அதன் பிறகு கெரன் ஏயாலும் கோஹெனும் மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், பாத்திரத்தோடு ஒட்டுதல் கூடக்கூட வலியும் கூடியது. தனிமையில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடியது. 2007-08-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் நூறு நாள் வேலைநிறுத்தம் செய்து தொடர்கள் பாதியில் நின்றபோது நடந்த வேறோர் ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டியது.

நிஜ நண்பரை இழப்பதைவிட இந்த வலி மென்மையானது என்பதையும் ஆய்வாளர்கள் சொல்லத் தவறவில்லை. ஆனால் மென்மையான வலிக்கும் ஒரு தொல்லை உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஊர் துக்கமென்று ஏற்காத துக்கத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் ஒரு நூல் தொகுத்தார். விவாகரத்தான கணவரின் சாவு, கருச்சிதைவு, வளர்த்த நாயின் சாவு போன்றவை இந்த வகை. அழ உரிமை இல்லாதவர் அழுவதால் அந்தத் துக்கம் ஆற நாளாகிறது என்பது அவர் கருத்து. சீரியல் பாத்திரத்துக்காகக் கலங்கும் அம்மாவைப் பார்த்து ‘அது நடிப்பும்மா’ என்று சிரிக்கும் பிள்ளை, தெரியாமலே அந்த உரிமையைத்தான் மறுக்கிறான்.

உடல் இருக்க உயிர் போவது

பாத்திரத்தை உயிர் என்றும் நடிகரை உடல் என்றும் வைத்துக்கொண்டால் பிரிவுகள் மூன்று வகைப்படும். முதலாவது, நடிகர் நலமாக இருக்க, பாத்திரம் சாவது.

இது தொலைக்காட்சிக்கு முன்பே தொடங்கிய வழக்கம். கானன் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளினார், 1903-இல் மீண்டும் எழுப்பிவிட்டார். பிபிசி வானொலியின் ‘தி ஆர்ச்சர்ஸ்’ நாடகத்தில் கிரேஸ் ஆர்ச்சர் என்ற இளம் மனைவி 1955 செப்டம்பர் 22 இரவு, தீப்பிடித்த லாயத்திலிருந்து குதிரையை மீட்கப் போய் மாண்டாள். நேயர்களின் அழைப்பால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. அதே இரவில்தான் பிரிட்டனின் முதல் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. போட்டியாளரின் பிறந்தநாளன்று தன் வீட்டில் இழவு விழவைத்தது தற்செயலா என்ற பேச்சு அன்றே எழுந்தது. சாவு ஒரு வியாபார ஆயுதம் என்ற சந்தேகத்துக்கு, நாம் டி.ஆர்.பி. என்ற சொல்லைக் கற்பதற்கு வெகுகாலம் முன்பே வயதாகிவிட்டது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது கொரியப் போர்க்கால மருத்துவ முகாமைப் பற்றிய ‘மேஷ்’ தொடர். 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில், முகாமின் தலைவர் ஹென்றி பிளேக்குக்கு வீடு திரும்ப உத்தரவு வருகிறது. எல்லோரும் கட்டித்தழுவி, கிண்டலடித்து அனுப்பிவைக்கிறார்கள். கடைசிக் காட்சியில் அறுவைக் கூடத்துக்குள் ஓர் இளம் சிப்பாய் வந்து, அவர் போன விமானம் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று சொல்கிறான். அந்தப் பக்கத்தைப் படப்பிடிப்பின் கடைசி நேரம்வரை நடிகர்களில் பெரும்பாலோருக்கே காட்டாமல் வைத்திருந்தார்கள். கோபக் கடிதங்கள் குவிந்தன. போரில் எல்லோரும் வீடு திரும்புவதில்லை என்பது தயாரிப்பாளர்களின் பதில். கோபப்பட்டவர்களாலும் அதை மறுக்க முடியவில்லை. பிளேக் திரும்பி வரவும் இல்லை.

திரும்பி வந்தவர்களின் கதை வேறு. ‘டல்லஸ்’ தொடரில் 1985-இல் செத்த பாபி யூயிங், மறுவருடம் குளியலறையில் ஷவருக்கடியில் நின்றார். இடையில் வந்த ஓராண்டுக் கதை முழுவதும் மனைவி கண்ட கனவு என்றார்கள். 2000-இல் தொடங்கிய ‘க்யோங்கி சாஸ் பீ கபி பஹு தீ’ என்ற இந்தித் தொடரில் மிஹிர் விரானி இறந்தபோது நேயர்கள் கொந்தளித்தார்கள். மிஹிர் மீட்கப்பட்டார். பிறகு அமர் உபாத்யாய் விலக, இந்தர் குமாரும் ரோனித் ராயும் அடுத்தடுத்து அந்த இடத்துக்கு வந்தார்கள். நேயர் கேட்டது கிடைத்துவிட்டதே, இதில் என்ன நஷ்டம்? அடுத்த சாவை அவர் நம்பமாட்டார் என்பதுதான் நஷ்டம். அழுதது வீண் என்று ஒருமுறை ஆகிவிட்டால் அடுத்த இழவுக்கு மனம் தயங்கித்தான் போகும்.

உயிர் இருக்க உடல் போவது

இரண்டாவது வகை தமிழ்ச் சின்னத்திரைக்கு மிகவும் பழக்கமானது. நடிகர் போய்விடுவார், பாத்திரம் தொடரும். காட்சி உறைய, திரையில் எழுத்து வரும்: ‘இனி இவருக்குப் பதில் இவர்’. சம்பளத் தகராறு, சினிமா வாய்ப்பு, பிரசவம், சாவு என எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைதான்.

விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக வந்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தார். கதிர்–முல்லை ஜோடியைக் கொண்டாடிய நேயர்கள் திகைத்துப்போயிருந்த அந்த நாட்களிலேயே காவ்யா அறிவுமணி முல்லையானார். அவருக்குப் பின் லாவண்யா. மூன்று முகங்களோடு முல்லை குடும்பம் நடத்தினாள். இதில் தயாரிப்பாளரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தினசரித் தொடர் என்பது அணைக்க முடியாத அடுப்பு. இன்று எடுப்பது சில நாட்களில் ஒளிபரப்பாக வேண்டும். விளம்பர நேரம் விற்றாகிவிட்டது, பல குடும்பங்களின் தினக்கூலி அதில் இருக்கிறது. மையப் பாத்திரத்தைச் சாகடித்தால் கதையின் முதுகெலும்பே முறியும்.

இந்தச் சிக்கலுக்கு பிபிசி ஒரு வழி கண்டது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாயகன் வில்லியம் ஹார்ட்னலுக்கு உடல்நலம் குன்றியபோது, 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான பகுதியில் அவர் தரையில் சரிந்தார். ஒளி பரவியது. எழுந்தவர் பேட்ரிக் டிரவுட்டன். இந்த வேற்றுலகவாசி சாகும் தருவாயில் புது உடல் எடுப்பான் என்று கதையே சொல்லிவிட்டது. நம் பாட்டிமார் சொன்ன கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தைதான். அதன்பின் எத்தனையோ பேர் அந்தக் கூட்டுக்குள் வந்து போய்விட்டார்கள், தொடர் அறுபது ஆண்டைக் கடந்துவிட்டது. முகம் மாறும்போது அநேகமாகப் பழைய டாக்டருக்கு ஒரு கடைசிக் காட்சி உண்டு. நேயர் அழலாம், ஏனென்றால் கதைக்குள்ளேயே ஏதோ ஒன்று முடிந்துபோகிறது. இதற்கு மாறாக ‘பிவிட்ச்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் 1969-இல் கணவர் டேரினாக டிக் யார்க்குக்குப் பதில் டிக் சார்ஜென்ட் வந்தார். மனைவி எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நம் அட்டையின் குறையும் இங்கேதான் இருக்கிறது. நடிகருக்குச் சேனல் அஞ்சலி செலுத்தலாம், சக நடிகர்கள் பேட்டியில் கதறலாம். ஆனால் கதைக்குள் இருக்கும் மனைவி அழ முடியாது, தம்பி தலையில் அடித்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு யாரும் சாகவில்லை. புது முகத்தைப் பார்த்து ‘சாப்டீங்களா’ என்று கேட்க வேண்டியதுதான். வெளியே இருக்கும் நேயருக்குத் துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ள உள்ளே ஓர் ஆளில்லை. ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். சாவு வீட்டில் மட்டும்தான் அதைச் சொல்லாமல் எழுந்து வருவோம். தங்கள் சீரியல் வீடுகளிலிருந்து குணசேகரனும் முல்லையும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அவை சாவு வீடுகள் என்றுதான் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடை கைமாறியது, ஹூப்பர் மாறவில்லை

உடலும் உயிரும் சேர்ந்தே போவது மூன்றாவது வகை. இதில் எடுத்துக்காட்டு என்று சொல்லத்தக்கது ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி. ‘செசமி ஸ்ட்ரீட்’ 1969-இல் தொடங்கிய நாளிலிருந்து தெருமுனையில் கடை வைத்திருந்தவர் மிஸ்டர் ஹூப்பர். அவராக நடித்த வில் லீ 1982 டிசம்பர் 7 அன்று இறந்தார். வேறொருவரைப் போடலாம், ஓய்வுபெற்று ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. குழந்தைகளுக்கு உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். குழந்தை உளவியல் அறிந்தவர்களைக் கலந்து, ஏறத்தாழ ஓராண்டு எடுத்துக்கொண்டு, 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். அன்று நன்றி நவிலல் நாள், விடுமுறை. குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள்.

அந்தப் பகுதியில் பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை, தெருவிலுள்ள ஒவ்வொருவரையும் படமாக வரைந்து கொண்டுவந்து கொடுக்கிறது. ஹூப்பரின் படத்தைக் கொடுக்கக் கடைக்குக் கிளம்புகிறது. அவர் இறந்துவிட்டார் என்று பெரியவர்கள் நினைவூட்டுகிறார்கள். சரி, வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. செத்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். இனி தனக்கு மில்க்‌ஷேக் யார் செய்து தருவார் என்ற கவலை அதற்கு. கடையை டேவிட் பார்த்துக்கொள்வான் என்கிறார்கள். ஏன் இப்படி ஆக வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் இல்லை, இல்லை என்பதை மறைக்கவும் இல்லை. நடித்தவர்களின் கண்ணீர் நிஜம். பறவைக்குள் இருந்த கரோல் ஸ்பின்னிதான் அந்தப் படங்களை வரைந்தவர். கடை கைமாறியது, பெயர்ப்பலகையில் ஹூப்பர் பெயர் நின்றது. ஹூப்பருக்குப் பதில் இன்னொரு ஹூப்பர் வரவில்லை. ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அதே சொற்களை இவர்களும் சொன்னார்கள் என்றே சொல்லலாம். வேலைக்குத்தான் பதில் ஆள் வந்தார், மனிதருக்கு வரவில்லை.

தொடரே முடிவதும் ஒருவகையில் உடலும் உயிரும் சேர்ந்து போவதுதான். அதே 1983-இல், பிப்ரவரி 28 அன்று, ‘மேஷ்’ முடிந்தது. மூன்றாண்டு நடந்த போரைப் பதினோரு பருவங்கள் சொன்ன தொடர். இரண்டரை மணி நேர இறுதிப் பகுதியைச் சுமார் 10.6 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் பி.ஜே. என்ற மருத்துவர், நண்பன் ஹாக்கையிடம் விடைபெறும் சொல்லைக் கடைசிவரை வாயால் சொல்லமாட்டார். ஹெலிகாப்டர் மேலே எழும்பிய பிறகு ஹாக்கை குனிந்து பார்க்கிறார். தரையில் கற்களை அடுக்கி அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. ஊரே கலையும் இந்த வகைப் பிரிவில் சாவு தேவையில்லை. சொல்ல முடியாத ஒன்றை யாரோ மெனக்கெட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் போதும்.

நேயர்களே நடத்திய காரியங்கள்

கதை செய்யாதபோது பார்த்தவர்களே இறங்கிச் செய்ததும் உண்டு. ஜப்பானில் ‘அஷிதா நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைப் படக்கதையில் நாயகனின் எதிராளி ரிகிஷி செத்தபோது, 1970 மார்ச் 24 அன்று பதிப்பகமான கோடான்ஷாவில் அவனுக்கு இறுதிச்சடங்கு நடந்தது. நடத்தியவர் கவிஞரும் நாடகக்காரருமான தெராயாமா ஷூஜி. வந்தவர்கள் சுமார் 700 பேர். பிரிட்டனில் ‘டார்ச்வுட்’ தொடரின் இயன்டோ ஜோன்ஸ் 2009-இல் இறந்ததும், கார்டிஃப் துறைமுகத்தில் அந்தக் கதை நடக்கும் இடத்து மரச்சுவரில் ரசிகர்கள் பூவும் கடிதமும் வைத்தார்கள். பல ஆண்டுகளாகியும் அது கலைக்கப்படவில்லை. அமெரிக்கத் தொடரான ‘பிரேக்கிங் பேட்’ முடிந்த சில நாட்களில், 2013 அக்டோபரில், ஆல்புகர்க்கி நகர நாளிதழில் அதன் நாயகன் வால்டர் வைட்டுக்கு இரங்கல் விளம்பரம் வந்தது. அதே மாதம் அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் போலி அடக்கமும் நடந்தது. சேர்ந்த பணம் வீடற்றவர்களுக்கான உதவிக்குப் போனது. போதைப்பொருள் காய்ச்சியவனுக்கும் வீட்டுப் பெண்களை மிரட்டிய குணசேகரனுக்கும் கண்ணீர் ஒரே ஊற்றிலிருந்துதான் வருகிறது. நல்லவர் என்பதற்காக நாம் பாத்திரங்களோடு ஒட்டுவதில்லை. நாள் தவறாமல் வீட்டுக்கு வந்தவர் என்பதற்காக ஒட்டுகிறோம்.

இதில் விளையாட்டும் கலந்திருக்கிறது என்பது உண்மை. பூ வைத்தவர்களுக்கும் விளம்பரம் கொடுத்தவர்களுக்கும் அது கதை என்று தெரியும். தெரிந்தே அழுவது எப்படி என்று கேட்பவர்களை ஒரு முறை பாரதக்கூத்து பார்க்க அழைத்துப்போக வேண்டும். வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில், படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீண்டு படுத்திருப்பான். துகிலுரியச் சொன்ன அந்தப் பாவிக்கும் ஒப்பாரி உண்டு. ‘கர்ண மோட்சம்’ கூத்தை இன்றும் கருமாதி வீடுகளில் வைக்கிறார்கள். கர்ணனுக்காக அழும் சாக்கில் செத்துப்போன அப்பனுக்காகவும் அழுது தீர்ப்பார்கள். கதைக்குள் அழ ஆளிருந்தால் வெளியே இருப்பவரின் துக்கத்துக்கும் ஒரு மடி கிடைக்கிறது. ஆய்வாளர்கள் வினாத்தாள் கொடுத்துக் கண்டுபிடித்ததைக் கூத்துக்காரர்கள் விடியவிடிய ஆடிக் கண்டுபிடித்திருந்தார்கள்.

கண்ணீரைக் காசாக்கும் தொழில் இது என்ற குற்றச்சாட்டு மிச்சமிருக்கிறது. அதில் உண்மை உண்டு. வாரக்கணக்கில் இழுக்கும் ஆஸ்பத்திரிக் காட்சிகளும், பாடையிலிருந்து எழுந்து உட்காரும் மருமகள்களும் அந்தத் தொழிலின் சரக்குதான். ஆனால் காசுக்காக எழுதப்பட்ட சாவும் ஒழுங்காக எழுதப்பட்டால் ஆற்றிவிடுகிறது, பிளேக்கின் சாவைப் போல. காசுக்காகத் தவிர்க்கப்பட்ட சாவு அப்படி ஆற்றுவதில்லை.

என்ன செய்யலாம் என்றால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். பாத்திரம் தொடர்ந்தே ஆக வேண்டுமென்றால் தொடரட்டும். அட்டை போடுவதற்கு முன் கதைக்குள் ஒரு காட்சி, ஒரு மௌனம், சுவரில் மாட்டிய ஒரு படம் போதும். பிக் பேர்ட் தான் வரைந்த ஹூப்பர் படத்தைத் தன் கூட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டது. அதற்கு எந்தத் தயாரிப்பாளரின் பட்ஜெட்டும் இடம் கொடுக்கும்.

கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியாகிறான். தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவை வருகிறது. அடுத்த சித்திரையில் அதே அரவான் மாப்பிள்ளையாக நிற்கிறான். பாபி யூயிங்கைப் போல, போன வருடம் நடந்தது கனவு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. போன வருடச் சாவுக்கு முழுதாக அழுது முடித்துவிட்டார்கள். அதனால் இந்த வருடம் பூ வைத்துக்கொள்ள முடிகிறது.